அடுத்த வீட்டில் பருப்பு வேகிறதா?

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. உன் அப்பாவுக்கு வழக்கம்போல் கண்ணாடி கிடைக்கவில்லை, நானே பிரித்துப் படித்தேன். மருமகள் கைப்பக்குவம் நன்றாக இருக்கிறது, மாமனார் புதுச் சாயப்பட்டறையை உன் பொறுப்பிலேயே விட்டுவிட்டார், பாய்லர் வந்து இறங்கிவிட்டது என்று நீ எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க எனக்கு மனசு பூரித்துப் போய்விட்டது. தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன். அப்புறம்தான் கடைசிப் பக்கம். சாயத் தண்ணீரை இப்போதைக்கு ஆற்றுப் பக்கம் விட்டுவிடுகிறோம், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், தொட்டியெல்லாம் தொழில் நன்றாக ஓட ஆரம்பித்தபின் கட்டிக்கொள்ளலாம் என்று மாமனார் சொல்கிறார் என எழுதியிருந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் கடிதம் முழுக்க வசவாகத்தான் இருந்திருக்கும். அதனால் மூன்று நாள் பொறுத்தேன். உன் அம்மா மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால் நீ நம்ப மாட்டாய், அப்பாவிடம் கேட்டுப் பார். இப்போது கோபம் போய்விட்டது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் கல்யாணத்தன்று சமையல் பந்தலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு ஏனென்று கேட்டாயே, விறகுப் புகை என்று சொன்னேன். அது பொய். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் நம் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து சொல்ல வேண்டும். பாதி உனக்குத் தெரியும், ஆனால் சின்னப் பையன் கண்ணில் பட்டது அது. மீதியில் என் தப்பு நிறைய இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா மில்லை விட்டு வந்தார். மில்லில் வேலை ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது என்று ஆகிவிட்டிருந்த சமயம். சாயக்கூடத்தில் பதினாலு வருஷம் நின்றவர். நனைந்த நூல் சிட்டத்தைப் பார்த்தே காய்ந்தால் என்ன நிறத்துக்கு வரும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் ரெட்டியார்பாளையத்தில் நம் வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு மூன்று செப்பு அண்டா வைத்தோம். கைலிக்கும் போர்வைக்கும் நூல் சாயம் போட்டுக் கொடுப்பது. பட்டறைக்குக் கண் அவர், வாய் நான். ஆளை வேலை வாங்குவது, நூல் கொண்டுவந்து போடுகிறவர்களிடம் பேசுவது, சண்டை போடுவது எல்லாம் என் பங்கு. சண்டையில் நான் தோற்றதே கிடையாது. அதில் ஒன்றைத் தோற்றிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தச் சண்டை நம் பின்பக்கத்து வீட்டு நாகம்மாவோடு. உனக்கு அவள் நம்மோடு பேசாத பெரியம்மா. அதற்கு முன்னால் அவளும் நானும் ஒரே சீப்பில் தலை வாரிக்கொண்டவர்கள், அது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. ஒண்டி ஆள், புருஷன் செத்துப்போய்விட்டார். வீட்டைச் சுற்றிக் கனகாம்பரம், நடுவில் கிணறு. காலையில் பூப்பறித்துத் தொடுத்துப் பெரிய மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள், அதுதான் பிழைப்பு. நம் பட்டறைத் தண்ணீர் கொல்லை வாய்க்காலில் ஓடி அவள் வேலிப் பக்கமாகத் தேங்கும். ஒருநாள் சிவப்பு, ஒருநாள் பச்சை. மூன்றாவது வருஷம் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்து என் முன்னால் வைத்தாள். சட்டியில் துவரம்பருப்பு. காலையிலிருந்து கொதிக்கிறது, வேகவில்லை, கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, செடியெல்லாம் இலை ஓரம் கருகுகிறது என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தெருப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு மானம் போய்விட்டது.

"பருப்பு வேவலன்னா உன் அடுப்பைப் பாரு. எங்க சாயத்த ஏன் பாக்குற?" என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, நம் தண்ணீரைத் தெளியவைத்து விட்டால் என்ன என்று மட்டும் கேட்டார்.

இங்கேதான் எங்கள் பெரிய தப்பு. சாயக்காரனுக்கு எல்லாமே நிறம்தான். தண்ணீரில் நிறம் இருந்தால் அழுக்கு, நிறம் போனால் சுத்தம் என்று நானும் அவரும் மனதார நம்பினோம். இரண்டு தொட்டி கட்டி, சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுக் கலக்கினால் நிறமெல்லாம் வண்டலாக அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்த தண்ணீரை அப்பா கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெயிலில் காட்டுவார், கோயில் குளத்தில் மொண்டதுபோல் இருக்கும். தெளிந்துவிட்டதே, இனி வாய்க்காலில் விட்டு அவளுக்கு எரிச்சல் கொடுப்பானேன் என்று நம் கொல்லையிலேயே ஆழமாக ஒரு உறிஞ்சு குழி வெட்டி அதில் விட்டோம். வேலிப் பக்கம் காய்ந்துவிட்டது. நாகம்மாவுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் நான் மாரியம்மனுக்குப் பொங்கல்கூட வைத்தேன். நூலில் சாயம் ஏறுவதற்கு அண்டா அண்டாவாகக் கொட்டுகிறோமே உப்பு, அது அந்தத் தெளிந்த தண்ணீரில் அப்படியே இருக்கிறது, சுண்ணாம்பும் அதோடு சேர்ந்துகொண்டது, இரண்டும் குழி வழியாக நேராக அவள் கிணற்று ஊற்றுக்குத்தான் போகிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி யோசித்துப் பழக்கமில்லை.

நீ ஏழாவது படிக்கும்போது ஒரு சித்திரை மாதம் குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. நம் கிணறு பட்டறைக்கே போதாது, தூரும் சேறுமாகக் கிடந்தது. நாகம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வெட்கத்தை விட்டு அவள் கிணற்றில் ஒரு குடம் சேந்திக்கொண்டு வந்து பருப்பை ஏற்றினேன். பத்து மணிக்கு ஏற்றியது. பன்னிரண்டுக்குப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. விறகைத் தள்ளினேன், மூடி வைத்தேன், எண்ணெய் விட்டேன், மஞ்சள் போட்டேன். இரண்டு மணிக்கும் அதேதான். நீ பசியோடு வந்து உட்கார்ந்தாய், வேறு வழியில்லாமல் அதையே போட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னாம்மா, பல்லுல இடிக்குது," என்றாய். அடுப்பைப் பார் என்று நான் சொன்னது எனக்கே திரும்பி வந்தது. என் அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அப்பா வந்து அந்தக் குடத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். அன்று சாயங்காலமே குழியை மூட மண் அடிக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் நாகம்மா வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷமாக மிதிக்காத வாசல். கனகாம்பரம் பாதிக்கு மேல் பட்டுப்போய்க் குச்சி குச்சியாக நின்றது. எனக்குப் பேச்சு வரவில்லை, எனக்கு! தப்பு எங்கள் மேல்தான், குழாயடியில் அப்படிப் பேசியது பெரிய பாவம், மன்னித்துவிடு அக்கா என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் பூத்தொடுக்கிற கையை நிறுத்தவில்லை.

"மன்னிப்ப வச்சிப் பருப்பு வேவுமா?" என்றாள். "எப்ப என் கெணத்துத் தண்ணில வேவுதோ, அப்ப வந்து பேசு."

அவள் சொன்னது நியாயம். அன்றிலிருந்து நம் குழாயில் வருகிற முதல் குடம் அவள் வாசலுக்குப் போனது. நானே தூக்கிக்கொண்டு போய் வைப்பேன். அவள் எடுத்துக்கொள்வாள், பேச மாட்டாள். என்னால் முடியாத நாளில் உன்னை எத்தனை தடவை அனுப்பியிருப்பேன், முகம் சுளித்துக்கொண்டு போவாய்.

குழியை மூடியாயிற்று, பட்டறை என்ன ஆவது? ஒரு வாரம் அண்டா கவிழ்ந்தே கிடந்தது. மூடிவிட்டு வேறு வேலை தேடலாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அப்போது வாயைத் திறந்தவன் நம்மிடம் நூல் அலசிக்கொண்டிருந்த ஏழுமலை. மரக்காணத்துப் பக்கத்து ஆள், அவன் வீட்டில் எல்லோருக்கும் உப்பளத்தில் வேலை. "உப்புத் தண்ணிதானங்க அக்கா? எங்கூர்ல அத வெயில்ல காய வச்சிதான் சோறு துன்றோம். இத ஏன் பூமிக்குள்ள வுடுறீங்க?" என்றான். அப்பா எரிந்து விழுந்தார், நான் சாயப்பட்டறை வைத்திருக்கிறேனா உப்பளம் வைத்திருக்கிறேனா என்று. ஆனால் அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

உப்பளத்தில் களிமண்ணை மிதித்துப் பாத்தி கட்டுவார்கள். நமக்குச் சொட்டுக்கூடக் கீழே இறங்கக் கூடாது என்பதால் நம் கொல்லை முழுக்கக் கடப்பைக்கல் பாவி, இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசிப் பத்துப் பாத்தி கட்டினோம். நாலு விரற்கடை ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது, அதிகம் நின்றால் காயாது என்று ஏழுமலை ஒவ்வொரு பாத்தியிலும் விரலை வைத்துக் காட்டினான். ஆனால் நாங்கள் செலவழித்த தண்ணீருக்குப் பத்து என்ன, நூறு பாத்தி இருந்தாலும் போதாது. அதற்கு வழி கண்டது உன் அப்பா. ஒரு நாளில் ஐந்து நிறம் போட்டு ஐந்து தடவை அண்டாவைக் கொட்டிக் கழுவுவதை நிறுத்தினார். திங்கட்கிழமை மஞ்சள், அந்த அலசல் தண்ணீரிலேயே செவ்வாய் காவி, அப்படியே நிறம் ஏற ஏறப் போய்ச் சனிக்கிழமை கறுப்பு. கறுப்புக்கு எந்தத் தண்ணீர் ஆனால் என்ன? வாரக் கடைசியில் மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம், அதுதான் பாத்திக்குப் போகும். நூல் கொடுப்பவர்கள் திட்டினார்கள். செவ்வாய்க்கிழமை சிவப்பு கேட்டால் வியாழன்தான் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? பாதிப் பேர் அடுத்த பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

அதைவிடப் பெரிய அடி மழை. உப்பளக்காரன் ஐப்பசியில் கடையைக் கட்டிவிடுவான், நாமும் அப்படித்தான் செய்தாக வேண்டும் என்று ஏழுமலை சொன்னபோது எனக்கு அவனை அடிக்கலாம்போல் இருந்தது. தீபாவளி உருப்படி முடிந்த மறுநாள் அண்டாவைக் கவிழ்த்து, தை பிறந்தபின்தான் நிமிர்த்துவது. நடுவில் ஆட்களுக்கு நூல் சுற்றுகிற வேலை மட்டும். தெருவில் மற்ற பட்டறைகள் மழையோடு மழையாகக் கலர் கலராகத் திறந்துவிடும், யாருக்கும் தெரியாது. நாங்கள் மட்டும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் இரண்டு வருஷமும் நான் உன் அப்பாவைத் திட்டாத நாள் இல்லை. உனக்கு அந்தப் பொங்கலுக்குச் சட்டை எடுக்கவில்லை, நீ கேட்கவும் இல்லை.

மூன்றாவது வருஷம் பாத்தியில் மூட்டை கட்டுகிற அளவுக்கு உப்பு சேர்ந்தது. நிறம் கலந்த உப்பு, சாம்பலும் நீலமுமாக. அதை அள்ளிக் கறுப்புச் சாய அண்டாவில் போட்டுப் பார்த்தார் அப்பா. கறுப்பு நன்றாகப் பிடித்தது. அன்றைக்கு அவர் ஈரக்கையோடு ஓடிவந்து என் முகத்துக்கு நேராக அந்தச் சிட்டத்தைப் பிடித்தார், புதுச் சேலையில் கறுப்புச் சொட்டியதுகூடத் தெரியாமல். நானும் திட்டவில்லை. கடையில் வாங்குகிற உப்பு மூட்டை அப்படியே குறைய ஆரம்பித்தது.

அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய், அதனால் நீ பார்க்காத காட்சி. அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி தெருத் தெருவாகப் பட்டறை பட்டறையாக வந்தார். தண்ணீரை வெளியே விடுகிறவன் பட்டறையை மூட வேண்டும், தடுப்பு கட்டியபின் திறக்கலாம் என்று உத்தரவு. நம் தெருவில் வரிசையாகப் பூட்டு விழுந்தது. நம் கொட்டகைக்குள் வந்தவர் நேராகப் பின்னால் போய் வாய்க்காலைத் தேடினார். இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் வந்தார். வாய்க்கால் எங்கேம்மா என்று கேட்டார். வாய்க்கால் இல்லை என்றேன்.

"அப்ப சாயத் தண்ணி எங்க போவுது?"

"மேல போவுதுங்க," என்று வானத்தைக் காட்டினேன்.

மனிதர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அப்புறம் பாத்தியைப் பார்த்தார், குனிந்து உப்பைக் கிள்ளிப் பார்த்தார், ஏழுமலையிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏழுமலை அன்று போட்ட மிடுக்கை நீ பார்த்திருக்க வேண்டும், பெரிய வாத்தியார் கெட்டான். அந்தத் தெருவில் மறுநாள் காலையில் புகை கிளம்பிய ஒரே பட்டறை நம்முடையது. எங்களை விட்டுப் போன நூல்காரர்கள் எல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். சிவப்பு எந்த நாள் என்று நான் சொல்ல, எழுதிக்கொண்டு போனார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், மறைக்க மாட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து மேஜைத் துணி ஏற்றுமதி செய்கிற சொல்தா ஒருவர், உனக்குத்தான் தெரியுமே, அவரும் அப்படி வந்தவர்தான். அங்கே வாங்குகிறவர்கள் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். பாத்தியை எல்லாம் படம் எடுத்து அனுப்பினார். உன் கடைசி வருஷப் படிப்பு அந்த மேஜைத் துணியில்தான் நடந்தது. அப்புறம் மூடிக் கிடந்த பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஏழுமலையை அழைத்துக்கொண்டு போனார்கள், பாத்தி கட்டிக் கொடுக்க. இன்றைக்கு நம் தெருவில் எல்லார் கொல்லையிலும் பாத்தி இருக்கிறது, எல்லாரும் சனிக்கிழமைதான் கறுப்பு போடுகிறார்கள்.

இவ்வளவு ஜெயித்தும் எனக்கு ஒரு குறை. முதல் குடம் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. கோடை முடியும்போது ஒவ்வொரு வருஷமும் நாகம்மா கிணற்றை ஆயில் எஞ்சின் வைத்து இறைத்து, தூர் வாரி, மழைக்கு விட்டுவிட்டு வருவோம். ஒரு மழையில் கொஞ்சம், அடுத்த மழையில் கொஞ்சம் என்று கரிப்பு குறைந்தது. வேலி ஓரத்தில் கனகாம்பரம் துளிர்த்தது. நான் எட்டிப் பார்ப்பேன், கேட்க மாட்டேன்.

உன் கல்யாணத்தன்று விடிந்ததும் சமையல் பந்தலில் உலை வைக்கிற நேரம். சமையல்காரர் பெரிய அண்டாவைக் கழுவி வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போனார். நாகம்மா இடுப்பில் குடத்தோடு வந்தாள். பின்னால் நாலு பெண்கள், நாலு குடம். என் முகத்தைப் பார்த்துப் பேசினாள், அப்படிப் பேசிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இன்னிக்கு உன் மொத கொடம் வேணாம். என் கெணத்துத் தண்ணில ஒல வையி," என்றாள்.

சமையல்காரர் என்னைப் பார்க்கிறார். ஊரே சாப்பிட வருகிறது, சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். பருப்பு வேகாமல் போனால் என் மானம் என்ன ஆவது? குழாய்த் தண்ணீர் தொட்டியில் நிரம்பி இருக்கிறது, அதையே ஊற்றச் சொல்லியிருக்கலாம். நான் அவள் கையிலிருந்து குடத்தை வாங்கி நானே ஊற்றினேன். பருப்பைக் கொட்டினார்கள். நீ அந்த நேரம் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தாய், உன் அம்மா உன்னைப் பார்க்க வராமல் அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நாகம்மாவும் நகரவில்லை. சமையல்காரர் கரண்டியில் நாலு பருப்பை எடுத்து ஊதிவிட்டு இரண்டு விரலால் நசுக்கினார். "வெண்ணெ மாதிரி வெந்துடுச்சும்மா," என்றார். நாகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் நான் பந்தலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன், அப்போதுதான் நீ வந்து கேட்டாய். அந்தச் சாம்பாரை நீ இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய், நான் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். கிணறு கெட மூன்று வருஷம் போதும், அது மறுபடி தேறுவதற்குப் பத்து வருஷம் ஆகும், அதுவும் நம் அதிர்ஷ்டம். தொழில் ஓட ஆரம்பித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் மாமனார் சொல்வது நானும் உன் அப்பாவும் நினைத்ததுதான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் மரியாதையாகப் பேசு. பாய்லர் மூட்டுவதைத் தள்ளிப் போடு, முதலில் கல் பாவு. உன் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஏழுமலையிடம் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வண்டி ஏறுகிறான். அவன் சொல்கிற இடத்தில் பாத்தி கட்டு, அவன் விரல் வைக்கிற அளவுக்கு மேல் தண்ணீர் நிறுத்தாதே. தெளிந்திருக்கிறதே என்று தம்ளரைத் தூக்கி வெயிலில் காட்டாதே, அந்தப் புத்தி உன் ரத்தத்திலேயே இருக்கிறது.

பட்டறை ஓடி ஒரு வருஷம் ஆனதும் நாங்கள் வருகிறோம். நாகம்மாவும் வருவேன் என்கிறாள், உன் மாமனார் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். சீர் வரிசை எதுவும் கொண்டுவரப் போவதில்லை, ஒரு படி துவரம்பருப்பு மட்டும்தான். உன் வீட்டில் சமைக்க அல்ல. உன் பட்டறைக்கு அடுத்த வீட்டில் எந்த மகராசி இருக்கிறாளோ, அவள் கிணற்றுத் தண்ணீரில், அவள் அடுப்பில் நானே ஏற்றுவேன். நீ பசியோடு வந்து உட்கார்.